அவன் இடது, அவள் வலது

தாமதி என்பது அவன் பெயர்.
மாவோரிகளின் மொழியில் அது வெறும் பெயர்தான்.
தமிழில் எழுதும்போது மட்டும்
யாரோ அவனைக் கொஞ்சம் பொறு என்கிறார்கள்.

பொறுக்கத் தெரியாதவன்.
பாசிப்பாறையில் ஓடி வலது மணிக்கட்டை முறித்துக்கொண்டான்.
அக்டோபர் முதல் தேதி மட்டாவ்ரா ஆறு
தூண்டில்காரர்களுக்குத் திறக்கிறது.
இன்னும் இரண்டு நாள்.
மாவுக்கட்டின் மேல்
நர்ஸ் ஒரு மீன் வரைந்து அனுப்பியிருந்தாள்.

அடுத்த வீட்டு பெர்னிஸ் முட்டை கொடுக்க வந்தாள்.
பால் பண்ணையில் கணக்கெழுதுகிறவள்,
கறி தொடாதவள்.
மேசையில் விரித்துக் கிடந்த முயல் தோலைப் பார்த்து
யார் கொன்றது, என்றாள்.
உங்கள் பால் லாரி, என்றான்.

அவள் உட்கார்ந்தாள்.
அவளிடம் ஒரு வலது கை இருந்தது.

ரோமத்தின் மேல் பிளேடை வைக்காதே,
புரட்டி, தோலின் பக்கம் கீறு.
மேசையில் அழுத்தாதே, முடி நறுக்கிப் போகும்,
நான் தூக்கிப் பிடிக்கிறேன்.
முதல் வார் செருப்பு வார் போல வந்தது.
இரண்டாவது பாதியில் அறுந்தது.
ஐந்தாவது, தீக்குச்சி அகலத்தில்,
நீளம் முழுக்கக் குளிரில் விறைத்த முடியோடு
நழுவி அவள் மடியில் விழுந்தது.
அவள் அதை உடனே எடுக்கவில்லை.

குறட்டில் கொக்கி.
அவன் இடது கை வாரைப் பிடித்துக்கொள்ள
அவள் வலது கை நூலைச் சுற்றியது.
முடி வால் பக்கம் சாய வேண்டும்.
சாய்ந்ததை நூல் மடக்கிவிடக் கூடாது.
ஈரப்படுத்து என்று அவன் விரலை நக்கினான்.
அவள் எழுந்து போய் முட்டைக் கிண்ணத்தில் தண்ணீர் கொண்டுவந்தாள்.
விரல்கள் இடித்துக்கொண்டபோதெல்லாம்
மன்னிப்புக் கேட்டார்கள், மூன்று முறை.
அப்புறம் கேட்கவில்லை.

நள்ளிரவுக்குள் ஆறு பூச்சிகள்.

இது எந்தப் பூச்சி, என்றாள்.
எதுவுமில்லை. அட்டை என்று நினைத்தால் அட்டை,
குட்டி மீன் என்று நினைத்தால் குட்டி மீன்.
எனக்கு, குளியலறை வடிகாலில் அடைத்த முடி, என்றாள் பெர்னிஸ்.

ஒன்றை எடுத்து, உருளைக்கிழங்குத் தோல் மிதந்த
பாத்திரத் தொட்டியில் விட்டாள்.
முடி படிந்தது.
உடம்பு ஒன்று உள்ளே இருந்து மெலிந்து வந்தது.
இழுத்தாள், ஒடுங்கியது.
நிறுத்தினாள், எல்லாப் பக்கமும் விரிந்து
மூச்சு விட்டது.
குழாயை மூடிவிட்டு
வெகுநேரம் ஈரக் கையோடு நின்றாள்.

இது என் கூலி, என்றாள்.
இடுக்கியை எடுத்து
கொக்கியின் முள்ளை நறுக்கினாள். டக்.
கொன்றுவிட்டாயே, என்று கத்தினான் தாமதி.

முதல் தேதி விடிவதற்குள்
வில்லோ மரங்களடியில் ரப்பர் கால்சட்டைக்காரர்கள்.
பனிக்காலத்துக் கலங்கல் இன்னும் வடியவில்லை.
பழகாத இடது கையால் தாமதி வீசியதெல்லாம்
நீர் வரை போகவில்லை.
ஒவ்வொன்றாக வில்லோவில் தொங்கின,
வெயில் ஏற ஏற உலர்ந்து
மறுபடி முயலாயின.

பாலத்தின் மேலிருந்து பெர்னிஸ்
நூல்கண்டைக் கையால் அவிழ்த்து விட்டுக்கொண்டிருந்தாள்.
கரைக்குக் கீழிருந்த இருட்டு கொஞ்சம் பிரிந்து
பழுப்பு டிரவுட் ஆனது.
பின்தொடர்ந்தது. நின்றது. வாய் திறந்தது.
அவள் ஆள்காட்டி விரலில்
யாரோ கதவைத் தட்டினார்கள்.
துப்பிவிட்டுப் போனது.
திரும்பி வந்தது.

ஐந்தும் போச்சு, என்று கீழிருந்து குரல்.
உன்னிடம் இருப்பதைக் கொடு,
முள் இல்லாவிட்டாலும் பரவாயில்லை.

தாமதி, என்றாள் பெர்னிஸ்,
நூலிலிருந்து விரலை எடுக்காமல்.