கோச்கோரிலிருந்து ஒரு பதில்

எந்த மாதம் வரலாம் என்று கேட்டிருக்கிறீர்கள்.
எல்லோரும் கேட்பதுதான்.
ஜூலை என்று எழுதிவிட்டு
அடுத்த ஆளுக்குப் போய்விடுவேன்.
இன்று ரொட்டி இன்னும் வேகவில்லை,
கொஞ்சம் உண்மையும் எழுதுகிறேன்.

ஜூலையில் ஏரிக்கரை முழுக்கப் புல்.
மூவாயிரம் மீட்டர் உயரம் என்று
புல் உங்களிடம் சொல்லாது,
மூச்சு சொல்லிவிடும்.
பகலில் தோல் உரிந்த அதே மூக்கு
இரவில் விறைக்கும்.
போன வருடம் லியோனிலிருந்து ஒரு தம்பதி
அரைக்கால் சட்டையோடு படுத்து
வெள்ளைவெளேரென்ற காலையில் எழுந்தார்கள்.
பணத்தைத் திருப்பிக் கேட்டார்கள்.
பனிக்கு நான் காசு வாங்கவில்லையே என்றேன்.
குதிரைகள் முதுகைச் சிலிர்த்துக்கொண்டன.
பத்து மணிக்குள் எல்லாம் உருகிவிட்டது,
அவர்கள் கோபம் மட்டும்
நிழலில் கிடந்த பனிபோல மதியம் வரை.

செப்டம்பர் நடுவில் கூடாரம் பிரிப்போம்.
நனைந்த கம்பளி என்ன கனம் என்பதை
என் தம்பி எர்கெஷின் இடுப்பைக் கேளுங்கள்.

அப்புறம் கணவாய் மூடும்.
மூடும் என்றால் யாரும் பூட்டுவதில்லை.
பனிவாரி ஓட்டும் சத்தார்
கீழே வந்து கைவிரிப்பார்,
அவ்வளவுதான் பருவம்.
ஜனவரியில்
நிலக்கரி டன் என்ன விலை என்பதுதான்
எங்கள் வானிலை அறிக்கை.

மார்ச்சைப் பற்றி ஒருவரும் கேட்டதில்லை.
சேறு காலணியைக் கழற்றி
தானே வைத்துக்கொள்ளும் மாதம்.
ஒரே ஒருவர் வந்தார், தேகுவிலிருந்து,
பெயர் பியோ.
கையால் எழுதிப் படமெடுத்து அனுப்பிய சீட்டில்
என் எட்டு அவருக்கு மூன்றாகத் தெரிந்திருக்கிறது.
ஏரியும் இல்லை, பாதையும் இல்லை.
நாலு நாள் சமையலறையில் உட்கார்ந்திருந்தார்.
மூன்றாம் இரவு ஆடு ஈன்றபோது
டார்ச் பிடித்தது அவர்தான்.
கை நடுங்கி வெளிச்சம் கூரைக்கும் தரைக்கும் அலைந்தது.
குட்டி அவருடைய விலையுயர்ந்த ஜாக்கெட்டுக்குள் தூங்கி
அதிலேயே மூத்திரமும் போனது.
இப்போதும் வருடம் ஒருமுறை எழுதுகிறார்:
சேறு சௌக்கியமா?

இன்னொன்று.
கணவாய் திறந்த தேதிகளை சத்தார்
வண்டிக் கதவின் உட்பக்கம் கீறி வைத்திருக்கிறார்.
ஜூன் பதினொன்று, ஜூன் நான்கு,
மே இருபத்தொன்பது, மே இருபது,
பிறகு திடீரென்று ஜூன் ஒன்பது.
இதை எப்படிப் படிப்பது என்றேன்.
நான் ஓட்டுகிறவன், படிக்கிறவன் இல்லை என்றார்.
பின்னால் ஓடும் ஓடையை ஆகஸ்டில்
இப்போது என் மகள் தாண்டிவிடுகிறாள்.
அவளுக்குக் கால் நீண்டதும் ஒரு காரணமாக இருக்கலாம்.

ரொட்டி கருகுகிற வாசனை.
8-ஆம் மாதம் வாருங்கள்.
இரவுக்குக் கம்பளிச் சட்டை வேண்டும்.
எட்டைத் தெளிவாகத்தான் போட்டிருக்கிறேன்,
உங்கள் கண்ணுக்கு மூன்றாகத் தெரிந்தால்
டார்ச்சுக்கு பேட்டரி வாங்கி வாருங்கள்.

பெர்மெத்