இல்லாத வடிகட்டி

கடலைப் பார்த்தே இராத நாரின் ஊரில்
சந்தை முடியும் இடத்தில் ஒரு கப்பல் பெட்டி.
பக்கத்தை அறுத்துக் கதவு வைத்து
எண்ணெய் விற்கிறான் தோலோகன்.

நவம்பர் பிறந்து ஒன்பது நாள்.
கையுறையைக் கழற்றாமலே கேட்கிறான்:
பதினைந்து-நாற்பதா, ஐந்து-நாற்பதா, ஐந்து-முப்பதா?
உருளைக்கிழங்கில் சின்னதா பெரிதா
என்று கேட்கிற அதே குரல்.

என் வண்டி ஸ்பிரிண்டர், டீசல்.
ஜெர்மனியில் எங்கோ
மூன்று லட்சம் கிலோமீட்டர் ரொட்டி சுமந்தது.
இருக்கைகள் பிஷ்கெக்கில் முளைத்தவை.
வெயிலில் நின்றால் பின்கதவருகே
இன்னமும் லேசாகப் பட்டை வாசம்.

கையேடும் அந்த ஊர் மொழியில்.
பக்கத்து வீட்டு உல்கானின் மகள் குந்தூஸ்
எட்டாம் வகுப்பில் ஜெர்மன் படிக்கிறாள்.
விரல் வைத்து வாசித்துச் சொன்னாள்:
சாம்பல் குறைந்த எண்ணெய். ஐந்து-முப்பது.
வேறெதுவும் கூடாது.
கூடாது என்பது மட்டும் தடித்த எழுத்தில்.

புகைக்குழாயில் ஒரு வடிகட்டி உண்டாம்,
தேனடை போல அறை அறையாய்.
கரி பிடித்தால் தானே எரித்துக்கொள்ளும்.
எண்ணெயின் சாம்பல் சேர்ந்தால்
அது எரியாது, போகாது,
மூச்சு முட்டிவிடும் வண்டிக்கு.
ஆகவே விலை பார்க்காமல் வாங்கினேன்
போன முறை.
இந்த முறையும் அதையே கேட்டேன்.

தோலோகன் பதில் சொல்லவில்லை.
அட்டையை விரித்து வண்டிக்கடியில் படுத்தான்.
ஸ்பானரால் குழாயைத் தட்டினான்.
டங்.
காலிக் குடம்.

"வந்து பாரு."

குனிந்தேன்.
உருளையின் முதுகில் வெல்டிங் தையல்,
என் அடிவயிற்றில் இருப்பதைப் போல
கோணலாக, அவசரமாக.
"குடைஞ்சு எடுத்துட்டாங்க. உனக்கு முன்னாடி எவனோ.
உள்ள வெறும் காத்து."

ஒரு வருஷம்
இல்லாத உறுப்புக்குப் பத்தியம் காத்திருக்கிறேன்.

அப்புறம் அவன் நிறையப் பேசினான்.
இங்கே கிடைக்கிற டீசலில் கந்தகம்,
கந்தகம் எரிந்தால் அமிலம்,
அதோடு மல்லுக்கு நிற்கக் காரம் வேண்டும் எண்ணெயில்,
காரம் கூடினால் சாம்பலும் கூடும்,
கூடட்டும், அடைக்க என்ன இருக்கிறது இனி?

பதினைந்து பாதி விலைதான்.
ஆனால் தை மாதத்து விடிகாலை, சுழிக்குக் கீழே முப்பது.
நேற்றைய ஆட்டுக்கறிச் சாற்றின் மேல்
வெள்ளையாய் உறைந்து நிற்குமே,
அப்படி நிற்கும் அது அடிச்சட்டியில்.
சாவியைத் திருப்பினால்
எண்ணெய் மேலேறி வருவதற்குள்
இரும்பு இரும்பைத் தின்னும்.
இதை அவன் சொல்ல வேண்டியதில்லை.
முந்தின வண்டி அப்படித்தான் போனது.

ஐந்து-நாற்பது. மூன்று கேன்.
முன்வரிசையிலிருந்து ஒன்றைத் தூக்கினேன்.
மூடியின் வளையத்தை நகத்தால் நெருடினேன்.
தோலோகன் கூரையைப் பார்த்தான்.
"அது வேணாம். பின்னாலிருந்து எடு."
அதற்கு மேல் அவனும் சொல்லவில்லை,
நானும் கேட்கவில்லை.
இரண்டு நாள் ஓட்டக் காசை எண்ணி வைத்தேன்.

பணம் கொடுத்த பிறகுதான் கேட்டேன்:
அந்த வடிகட்டி பிடிக்க வேண்டிய கரி
இப்போது எங்கே போகிறது?
குளிர்காலத்தில் ஊரே நிலக்கரிப் புகை, என்றான்.
இதில் உன்னுடையது எது என்று
யாருக்குத் தெரியும்?

மறுநாள் காலை முதல் திருப்பிலேயே பிடித்தது.
அளவுகோலை உருவித் துடைத்துப் பார்த்தேன்.
தேன் நிறம்.
ஒரு வாரத்தில் கறுத்துவிடும்,
கறுத்தால் அழுக்கைச் சுமக்கிறது என்று பொருள்,
பயமில்லை.

ஆத்-பாஷி போகிறவர்கள் ஏறினார்கள்.
ஒரு மூட்டை மாவு, இரண்டு கைக்குழந்தை,
வாய் மூடாத ஒரு கிழவர்.
இன்ஜின் சத்தம் அத்தனை மெத்தென்று இருந்தது,
எனக்கே பெருமை.

பள்ளிக்கூடத் திருப்பத்தில்
மேட்டுக்காக மிதித்தேன்.
பக்கக் கண்ணாடியில் குந்தூஸ்,
கையசைத்தவள்
அந்தக் கையையே இறக்கி
மூக்கை மூடிக்கொண்டாள்.