புதிதாய் வந்தவர்கள்

"முதல் முறையாக வந்திருப்பவர்கள்
தயவுசெய்து எழுந்து நில்லுங்கள்."

மங்காஃபில் தமிழில்,
சால்மியாவில் தெலுங்கில்,
ஃபாஹீலில் கிதாரை மாட்டிக்கொண்டே பேசும்
பாஸ்டர் ரொமெலின் தகாலோகில்,
எந்த மொழியில் கேட்டாலும்
நிற்க வேண்டிய நேரம் எங்களுக்குத் தெரியும்.
தலைகள் திரும்பும். கைகள் தட்டும்.
எப்சிபா என் துப்பட்டா நுனியை
வாயில் வைத்துக்கொள்வாள்.

குவைத்தில் எங்கள் ஞாயிறு வெள்ளியன்று வரும்.
விசாவில் என் கணவர் தேவசித்தம் கணக்கர்.
பொய்யில்லை.
ஆறு நாள் ஒரு சிமென்ட் கம்பெனியின் மூட்டைகளை எண்ணுகிறார்.
மாதக் கடைசியில்
மிஷன் அலுவலகத்துக்குப் போகும் தாளிலும் கட்டங்கள்தான்:
சந்தித்த சபைகள்.
பேசிய கூட்டங்கள்.
ஆதாயமான ஆத்துமாக்கள்.
கடைசிக் கட்டத்துக்கு வந்ததும்
பேனாவை மூடிவிட்டு டீ கேட்பார்.

சபை என்றதும் கோபுரம் தேடாதீர்கள்.
ஒரு வில்லாவின் கீழ்த்தளம்.
ஜன்னல்களுக்குக் கறுப்புத் தாள்.
டிரம்ஸ் கூடாது, மாடியில் கைக்குழந்தை இருக்கிறது.
எட்டிலிருந்து பத்து மலையாளம்,
பத்தரையிலிருந்து உருது.
ஒருவர் ஆமென் காய்வதற்குள்
அடுத்தவர் நாற்காலியைத் திருப்புவார்.
ஏசி மட்டும் எல்லாருக்கும் பொது;
எல்லா மொழியிலும் ஒழுகும்.

பதினான்காம் வெள்ளி.
மணற்காற்றில் பஸ் அப்பாஸியாவைத் தாண்டவில்லை.
இறங்கி,
செருப்புகள் குவிந்து கிடந்த முதல் கதவைத் தட்டினோம்.

உள்ளே வெள்ளை முக்காடிட்ட எத்தியோப்பியப் பெண்கள்.
எங்களை யாரும் எழுந்து நிற்கச் சொல்லவில்லை.
எல்லாருமே நின்றுகொண்டுதான் இருந்தார்கள்.
ஒன்றரை மணி நேரத்தில்
எனக்கு ஒரு சொல்தான் பிடிபட்டது:
இயேசுஸ்.
நம் இயேசுவின் வாலில் ஒரு ஸ்.
அதைப் பிடித்துக்கொண்டு நானும் நின்றேன்.

பக்கத்தில் நின்றவள்
நெஞ்சில் விரல் வைத்து "ஸெனாய்த்" என்றாள்.
குளோராக்ஸ் தின்ற விரல்.
மற்றக் கையில் ஃபோன்,
சூடான பாத்திரத்தைப் பிடிப்பதுபோல.
அது அதிர்ந்தது.
"மாமா" என்றாள், மிரண்டு.
எங்களுக்கு மாமா அம்மாவின் தம்பி.
அவளுக்கு முதலாளியம்மா.

காணிக்கைப் பை அப்போதுதான் முதல் வரிசையில் புறப்பட்டிருந்தது.
நாலாய் மடித்த அரை தினாரை
என் உள்ளங்கையில் அழுத்தி,
பையைக் காட்டி,
வாசலுக்கு ஓடினாள்.
நீலச் செருப்பை வலது இடது மாற்றிப் போட்டுக்கொண்டு.

பை வந்தது.
எங்கள் காணிக்கையைப் போட்டேன்.
தோளில் செருபாபேல் சிணுங்கினான்,
தோள் மாற்றினேன்.
பை போய்விட்டது.

இரவு
அவன் பால் பாட்டிலைத் தேடும்போது
கைப்பையின் அடியிலிருந்து வந்தது அந்த நோட்டு.
எங்கள் பணமென்றால் சரி, அடுத்த வாரம் எங்காவது போட்டுவிடலாம்.
தேவசித்தத்தின் முகத்தில்
விதவையின் காசைப் பற்றி ஒரு பிரசங்கம் கிளம்புவதைப் பார்த்தேன்.
"பேசாதீர்கள்" என்றேன்.

அடுத்த வெள்ளி
ஹவல்லியில் பஞ்சாபிச் சபைக்கு வாக்குக் கொடுத்திருந்தார்.
நான் அப்பாஸியா பஸ்ஸில் ஏறினேன்.
அவரும் ஏறினார்.

ஸெனாய்த் இல்லை.
பெயரைச் சொல்லிக் கேட்டேன்.
ஒருத்தி கையை விரித்தாள்;
வேலை மாறிப் போனாளா,
கதவு பூட்டியிருக்கிறதா,
அந்தக் கையிலிருந்து எதையும் படிக்க முடியவில்லை.
பை வந்தபோது அவளுடையதை முதலில் போட்டேன்.
எங்களுடையதைப் பிறகு.

"அம்மா,"
எப்சிபா கூடம் முழுக்கக் கேட்கும்படி கேட்டாள்,
"இன்னைக்கு நாம புதுசு இல்லைல்ல?"
தமிழ் தெரியாத யாரோ
ஆமென் என்றார்கள்.

மாதத் தாளில்
சந்தித்த சபைகள்: மூன்று.
போன மாதம் நான்கு ஆயிற்றே,
ஏன் குறைந்தது என்று அலுவலகத்திலிருந்து கேட்டிருக்கிறார்கள்.
தேவசித்தம் தாளை என் பக்கம் நகர்த்திவிட்டு
டீ போடப் போயிருக்கிறார்.

நாளை வெள்ளி.
எந்த வாசலானாலும்
முதலில் செருப்புகளைத்தான் பார்க்கிறேன்.
நீல ஜோடி.