மாதிரி எண் 417

சாக்கின் வாயைக் கட்டியிருந்தது சணல் கயிறு.
அவிழ்த்ததும் முதலில் மண்வாசம்.
அப்புறம் கசப்பு,
காற்றிலேயே கசக்கும் வேர் இது.
சரயேவோவில் லிண்ட்சுரா என்போம்.
பிராந்தியில் ஊறப்போட்டு
சாப்பாட்டுக்கு முன் ஒரு மடக்கு, பசி எடுக்க.

நறுக்கி உலர்த்திய துண்டுக்கு முகம் கிடையாது.
மலையில் நிற்கும்போது எளிது:
லிண்ட்சுராவின் இலைகள் ஜோடி ஜோடியாய்
எதிரெதிரே உட்கார்ந்திருக்கும்.
செமெரிக்காவுக்கு ஒன்று இந்தப் பக்கம்,
அடுத்தது கொஞ்சம் மேலே அந்தப் பக்கம்.
அதன் வேர் நெஞ்சுத் துடிப்பைக் குறைக்கும்.
குறைத்துக்கொண்டே போகும்.
செமெர் என்றால் எங்கள் மொழியில் நஞ்சு,
துயரம் என்றும் சொல்லலாம்.
பெயர் வைத்தவர் தின்று பார்த்திருக்க வேண்டும்.

பொடித்தேன். ஒரு துளி அயோடின்.
லிண்ட்சுராவில் மாவுச்சத்து இருக்காது, நிறம் மாறாது.
இது அங்கங்கே நீலம் பாரித்தது,
யாரோ கிள்ளி வைத்த தோல்போல.
நுண்ணோக்கியின் கீழே
கட்டுக் கட்டாய் ஊசிகள்.

சிலிக்காத் தட்டில் பென்சில் கோடு.
இடப்புறம் நல்ல வேர், வலப்புறம் 417.
கரைப்பான் ஏறி முடிக்க நாற்பது நிமிடம்.
காப்பி ஆறிப்போனது. டிராம் மூன்று போயிருக்கும்.
மருந்தைத் தெளித்தேன்.
வலப்புறம் மட்டும் ஆரஞ்சுப் புள்ளிகள்.

பொருந்தவில்லை,
ஏழு சாக்கில் இரண்டு,
என்று தட்டச்சு செய்தேன்.

மாலையில் தோண்டியவரே அழைத்தார்.
ராகிப். குரலுக்குப் பின்னால் ஆட்டு மணி.
"கலப்படக்காரன் என்றா எழுதினீர்கள், டாக்டர்?"
நான் டாக்டர் இல்லை.
படிவத்தில் அப்படியொரு கட்டமும் இல்லை.

நல்ல வேர் இருக்கும் சரிவில்
மண்டையோடு வரைந்த சிவப்புப் பலகையாம்.
கண்ணிவெடி; போர் முடிந்தும் எடுக்க ஆள் வரவில்லை.
அங்கே லிண்ட்சுரா ஆளுயரம் நிற்கிறது,
தூரத்திலிருந்து பார்க்கலாம்.
இந்தப் பக்கம் எல்லாரும் தோண்டித் தீர்த்து
மாடு வாய் வைக்காதது மட்டும் மிச்சம்.
அக்டோபரில் இலையும் உதிர்ந்துவிடும்.

"அதனால் ஒவ்வொன்றையும் கடித்துப் பார்த்தேன்.
சிலதில் நாக்கு மரத்துப் போனது.
ஸ்வோன்கோவிடம் சொன்னேன்.
எடைக்குத்தான் காசு, நாக்குக்கு இல்லை என்றான்."

கையுறையைக் கழற்றிக்கொண்டிருந்தேன்.
பத்தொன்பது வருடத்தில் எந்த மாதிரியையும்
நான் வாயில் வைத்ததில்லை.
எங்கள் கருவிப் பட்டியலில் நாக்கு கிடையாது.

"கடைசியாக எப்போது கடித்தீர்கள்?"

"இன்று மதியம். புதுச் சாக்குக்கு.
வாந்தி நின்றுவிட்டது.
கொஞ்சம் குளிர்கிறது, வேறொன்றுமில்லை."

மேசைத் தொலைபேசியில் ஆம்புலன்ஸ் எண்ணைச் சுழற்றியபடி
அவரிடம் சொன்னேன்:
மணிக்கட்டில் விரலை வையுங்கள்.
சத்தமாக எண்ணுங்கள், ராகிப்.

சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன்.

ஒன்று, என்றார்.
ஆட்டு மணி கேட்டது.

இரண்டு.