நாற்பத்தைந்து மில்லிமீட்டர்

முன்சக்கரத்துக்கு நாற்பத்தைந்து என்று முடிவாகிவிட்டது.
பின்சக்கரம்தான் தூங்க விடவில்லை.

கான்சாஸ். மே மாதக் கடைசி.
கராஜ் கதவு பாதி திறந்திருக்கிறது.
மார்ச்சில் எரித்த மேய்ச்சல் நிலம்
இப்போது முழங்கால் உயரப் பச்சை,
நடுவே வெள்ளையாய்ச் சாலை.
தூரத்திலிருந்து பார்த்தால்
யாரோ மாவு சிந்திக்கொண்டே போனதுபோல் சாது.
கிட்டே போனால் சிக்கிமுக்கி.
ஏறினால்தான் தெரியும்,
எந்தக் கல் பல்லைத் திருப்பி வைத்துப் படுத்திருக்கிறதென்று.

போன வருடம், நூற்று முப்பத்தேழாவது மைல்.
டயரின் கன்னத்தில் கிழிசல்,
என் சுண்டுவிரல் நுழையும்.
ஐந்து டாலர் நோட்டை மடித்து உள்ளே வைத்து
டியூபை ஊதினேன்.
நாலு மைல் ஓடியது அந்த நோட்டு.
"இருபதை வைத்திருந்தால் முடித்திருப்பாய்" என்றான் டெல்வின்,
பிக்கப்பில் என்னை அள்ளிப்போட வந்தவன்.
இந்த மாதிரிப் பேச்சுக்காகத்தான்
அவனோடு பத்தொன்பது வருடம் இருக்கிறேன்.
சில நாள் இதற்காகவே போய்விடலாம் என்றும் தோன்றும்.

நான் தானியக் கிடங்கில் எடைமேடைக்காரி.
பகலெல்லாம் லாரிகளை எண்ணாக்கிச்
சீட்டில் எழுதிக் கொடுப்பவள்.
இந்த ஒரு கணக்கு மட்டும் படியவில்லை.
நாற்பது போட்டால் கால் லேசு, கல் ஜெயிக்கும்.
நாற்பத்தைந்து போட்டால் கல் தோற்கும்,
மழை வந்தால் சேறு ஜெயிக்கும்.
எங்கள் ஊர்ச் சேறு நிலக்கடலை வெண்ணெய்.
சட்டத்துக்கும் டயருக்கும் நடுவே புகுந்தால்
சைக்கிள் நம்மை ஏற்றிப் போகாது,
நாம்தான் அதை.

சட்டைப் பையில் எப்போதும் நாலு சோளமணி கிடக்கும்.
ஒன்றை எடுத்து அந்த இடுக்கில் விட்டுப் பார்த்தேன்.
சிக்கிக்கொண்டது.

கடைக்கார ருபென் சொன்னது முப்பத்திரண்டு பவுண்டு காற்று.
அவன் தம்பி சொன்னது இருபத்தெட்டு.
கார்பன் சக்கரம் வைத்திருக்கும் பல் டாக்டர்
கேட்காமலே முப்பது என்றார்.
பக்கத்துப் பண்ணை வில்மா உன்ரு
வேலிக்கு அந்தப் பக்கமிருந்து,
"என் லாரிக்குப் பத்தடுக்கு டயர்,
அந்த ரோட்டில் ரெண்டு தடவை வெடிச்சிருக்கு" என்றாள்.
அப்புறம், "ஜெயிச்சா என்ன தருவாங்க?"
ஒன்றுமில்லை என்றதும்
கன்றுக்குட்டியைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்தாள்.

வானொலி: மழைக்கு நாற்பது சதவீத வாய்ப்பு.
இங்கேயும் நாற்பது!

உப்புப் போட்டு வேகவைத்த உருளை, பையில்.
பஞ்சர் அடைக்கும் ரப்பர் திரி ஆறு.
சேறு வழிக்க, பெயின்ட் கலக்கும் குச்சி.
அதன் நுனியில் இன்னும்
எங்கள் சமையலறையின் மஞ்சள்.

மணி ஒன்று. டெல்வின் வந்து
கவிழ்த்த பக்கெட்டில் உட்கார்ந்தான்.
அறிவுரை சொல்லவில்லை, ஆச்சரியம்தான்.
ஆணியில் தொங்கிய பழைய டயரை எடுத்து
உள்ளே விரல் விட்டான்.
நோட்டு அங்கேயே இருந்தது,
பாலாடை போல் காய்ந்த பசைக்குள்
லிங்கனின் ஒரு கண் மட்டும் தெரிய.
நகத்தால் பிரித்தெடுத்துத் தொடையில் நீவினான்.
என் கருவிப்பையின் ஜிப்பைத் திறந்து வைத்தான்.
கூடவே பர்ஸிலிருந்து ஒரு இருபது.
போய்ப் படுத்துவிட்டான்.

சோளமணியை நகத்தால் தட்டி எடுத்தேன்.
நாற்பத்தைந்தையே மாட்டினேன்.
யோசித்து அல்ல. கைக்கு அதுதான் அருகில்.
வெள்ளைத் திரவம் ஊற்றி, கம்ப்ரசரைத் திறந்ததும்
டப், டப் என்று விளிம்பு உட்கார்ந்தது.
ஓரிடத்தில் மட்டும் மெல்லிய உஸ்ஸ்.
சக்கரத்தைச் சுற்றினேன்.
உஸ்ஸ்.
இன்னொரு சுற்று.
சத்தம் நின்றது.
அடைந்ததா, காற்றே தீர்ந்ததா?
கட்டைவிரலால் அழுத்தினேன்.
கல்போல் இருந்தது.

விளக்கை அணைக்கும்போது
தகரக் கூரையில் ஒரு துளி.
காத்திருந்தேன்,
இரண்டாவதற்கு.