ஆ-வில் தொடங்கும் மணி

வட்டார வள மையத்தில் போன வருடம் சொன்னார்கள்:
எழுத்தை உடை, ஒலியைக் கூட்டு,
மற்றது தானாய் வரும்.
இந்த வருடம் வேறொருவர் வந்து
படத்தைக் காட்டு, கதையைப் பேசவிடு என்றார்.
இரண்டு பயிற்சிக்கும் ஒரே எலுமிச்சை சாதம்.
இரண்டுக்கும் கையெழுத்துப் போட்டுவிட்டு
ஜவளகிரி பஸ் பிடித்தேன்.

என் இரண்டாம் வகுப்பில் மாதேவி
எதை நீட்டினாலும் வாசிப்பாள்,
மாத்திரை அட்டையை, என் சுற்றறிக்கையை,
ஓர் ஒற்றுகூட நழுவாமல்.
என்ன புரிந்தது என்றால்
என் வாயையே பார்ப்பாள்.
வீட்டில் கன்னடம்.

முனிராஜுக்கு எழுத்தோடு சண்டை.
முதல் எழுத்தைத் தொடுவான், படத்தைப் பார்ப்பான்,
மீதியை அவனே எழுதிக்கொள்வான்.
'தக்காளி அழுகியது' என்ற வரியை
'தக்காளி அழுதது, விலையே இல்ல' என்று வாசித்தவன்.
அப்பா ராயக்கோட்டை மண்டிக்குக் கூடை ஏற்றுகிறவர்.
தப்பு என்று சொல்லக் கொஞ்ச நேரமானது எனக்கு.
சொல்லத்தான் வேண்டியிருந்தது:
அந்தக் 'கி' எங்கேடா போனது?

மார்கழி. தனி வகுப்பு முடிய நேரமாகிவிட்டது.
மாதேவி, அவள் தம்பி, முனிராஜு, நான்,
காட்டு ரோட்டோரம் வனத்துறைப் பலகை.

"யானைகள் நடனமாடும் பகுதி!"
இடுப்பையும் ஆட்டிக் காட்டினான் முனிராஜு.
"அதுல 'ன' எங்கே இருக்குது?"
மாதேவி எக்கி நின்று விரல் வைத்தாள்.
ந. ட. மா. டு. ம்.
பிறகு என்னிடம் திரும்பி,
"நடமாடும்னா என்ன டீச்சர்?"
ஆறு மாதத்தில் அவள் கேட்ட முதல் 'என்ன'.

கையைத் தும்பிக்கையாய்த் தொங்கவிட்டு
ரோட்டில் அங்கும் இங்கும் நடந்தேன்.
பால் வண்டிக்காரர் சிரித்துக்கொண்டே போனார்.
"ஆனெ," என்றாள் தனக்குள்.

அடுத்த வரியில் ஓர் எழுத்தைத் துரு தின்றிருந்தது.
மாலை ஆ
அந்த ஓட்டையில் நின்றுவிட்டாள்.
ஒலிப்பதற்கு அங்கே எதுவும் இல்லை.
தள்ளி, மணிக்கு மேல் என்றிருந்தது.
முனிராஜு விரல்விட்டு எண்ணினான்,
ஒண்ணு, ரெண்டு, பன்னெண்டு வரைக்கும்.
"ஆ-வுல ஆரம்பிக்கிற மணி
ஒண்ணுதான் இருக்குது டீச்சர்."

ஆறு.

மாதேவி முதலிலிருந்து வாசித்தாள்.
மாலை ஆறு மணிக்கு மேல்
செல். லா. தீர்.
புரிந்ததா என்று கேட்க வாயெடுத்தேன்.
அவள் என் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள்.
தம்பியின் பையைத் தன் தோளில் மாட்டி
அவன் கையைப் பிடித்து
நடையை எட்டிப் போட்டாள்.