ஈயடிச்சான் காப்பி

பர்பேங்கில், ஜன்னலில்லாத மூன்றாம் மாடியில்
அர்மினே ஹஜியான்
ஒரு நாளைக்கு நானூறு கட்டம் துடைக்கிறாள்.
கீறல், பூஞ்சை, எந்தத் தியேட்டர் ஆபரேட்டருடையதோ
ஒரு கட்டைவிரல் ரேகை.
பாதி அழுக்கைக் கணினியே தின்றுவிடும்.
மிச்சத்துக்குத்தான் இவளும்
இவளுடைய ஆறிப்போன காப்பியும்.

திரையில் ஹெட்டி பிராங்கிள், வயது இருபத்து மூன்று.
முட்டி இரண்டும் ஆளுக்கொரு திசை பார்க்கும்.
வெட்கம் அவளுக்கு
டிராமில் மறந்துவிட்டு வந்த குடை,
திரும்பிப் போய்க் கேட்டதே இல்லை.
மாடிப்படியில் உருண்டாள் என்றால் உருண்டாள்தான்.
பதிலாள் போட்டால் என் எலும்பு கோபித்துக்கொள்ளும்
என்றாளாம்.
படம் பேச ஆரம்பித்ததும்
தகரக் குரல் என்று அனுப்பிவிட்டார்கள்.
பசடேனாவில் நாய்களுக்கு முடி வெட்டினாள்,
நாய்களையும் சிரிக்கவைத்திருப்பாள்.

மூன்றாம் ரீலில்தான் சிக்கல்.
தட்டச்சுக்காரி ஹெட்டிக்கு
வாரம் இரண்டு டாலர் கூட்டித் தருவதாக
முதலாளி சொல்கிறார்.
அவள் குழைகிறாள், தலை சாய்க்கிறாள்,
பளார்!
அறைந்த கையை விரித்து
நம்மிடம் பெருமையாகக் காட்டுகிறாள்.
கையில் ஒன்றுமில்லை.

அர்மினே இருபது தடவை ஓட்டிப் பார்த்தாள்.
"அந்தக் காலத்துக் கிறுக்கு, விடு"
பக்கத்து நாற்காலி கோல்மன்.
விடவில்லை.
துடைக்காத பழைய பிரதியைத் திறந்தாள்.
மேசைவிளக்கின் மேல் ஒரு கறுப்புப் புள்ளி.
அடுத்து முதலாளியின் காலரில்.
அடுத்து கன்னத்தில், சாவகாசமாக
முன்னங்கால்களைத் தேய்த்துக்கொண்டு.

ஈ.
கதையில் இல்லாத ஈ, கூலி கேட்காத ஈ.
விளக்குச் சூட்டுக்கு வந்ததை
ஹெட்டியின் ஓரக்கண் பிடித்துவிட்டது.
மற்றதெல்லாம் அந்த நொடியில் பிறந்தது.
நூறு வருஷம் கழித்துக் கணினி
அதை அழுக்கு என்று தீர்ப்பெழுதி
அரை நிமிஷத்தில் நகைச்சுவையைத் துடைத்துவிட்டது.

இரண்டு வாரம்.
நூற்றுப் பதினெட்டுக் கட்டங்களில்
றெக்கை, நிழல், ஆறு கால்,
செத்தபின் உள்ளங்கையில் நசுங்கிய வடிவம் வரை
ஒவ்வொன்றாகத் திரும்ப உட்காரவைத்தாள்.
வேலையில்லாதவர்கள் ஈ ஓட்டுவார்கள்.
இவள் போன ஈயைக் கையைப் பிடித்து
அழைத்து வந்தாள்.

அறைக்குப் பிறகு ஒரு பதினோரு நொடி:
முதலாளி நாற்காலியில் ஹெட்டி,
மேசைமேல் கால், வாயில் அவருடைய சுருட்டு.
ஒஹாயோவில் ஒரு தணிக்கைக்காரர்
அதை மட்டும் கத்தரித்து
'ஒழுக்கக்கேடு' என்று உறைமேல் எழுதி
அலமாரியில் பூட்டிவைத்தார்.
ஊரெல்லாம் ஓடிய படம் நைந்துபோனது.
யாரும் பார்க்காத துண்டில் ஒரு கீறலில்லை,
புகை சுருள் சுருளாக
இன்று காலை விட்டதுபோல் எழும்புகிறது.
நன்றிப் பட்டியலில்
அந்தத் தணிக்கைக்காரர் பெயரையும் சேர்த்தாள் அர்மினே.
கோல்மன் எடுத்துவிட்டான்.
மறுபடி சேர்த்தாள்.

ஜனவரி, துலூத் நகரம்.
இரவெல்லாம் தெருவில் பனி வாரிய லைல் கோவிஸ்டோ
ஈரக் காலுறையை ஹீட்டர்மேல் போட்டுவிட்டு
தபாலில் வந்த தட்டை உள்ளே தள்ளுகிறான்.
உள்ளறையில் மனைவி தூங்குகிறாள்.
ஊமைப்படம், பரவாயில்லை.

திரையில் ஏதோ ஊர்கிறது.

வெளியே மைனஸ் இருபத்தாறு.
மே மாதம் வரை இந்த ஊரில் ஈ கிடையாது.
லைல் செய்தித்தாளை மடிக்கிறான்,
வெறுங்காலோடு டீவியை நெருங்குகிறான்,
மூச்சை அடக்கிக்
கையை ஓங்குகிறான்.

ஹெட்டி முந்திக்கொள்கிறாள்.